குறிப்புரைக் கட்டம்

1

சென்ற திங்கட்கிழமை காலை ஒரு படிவத்தில் என் பெயர் அடிக்கப்பட்டது. அடித்தவள் என் மகள் தேன்மொழி.

‘குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டோர்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் இருந்தன. மகள், மருமகன், நான். மூன்றாவது பெயரின் மேல் அவள் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டாள். அளவுகோல் வைத்தாற்போலக் கோணாத கோடு. அந்தப் பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

விருத்தாசலத்தில் என்னை அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். உறவினர் வழியாக வேறு வடிவத்தில் செய்தி ஊருக்கு வந்து சேர்வதற்கு முன், என் கையால் எழுதப்பட்ட ஒரு பிரதி இருப்பது முறை என்று பட்டது. இதுவரை ஊருக்கு நான் அனுப்பிய குறிப்புகளில் இந்நாட்டு ரயில்களின் ஒழுங்கையும் நூலகங்களின் அமைதியையும் பற்றி எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதியதில்லை.

என் மனைவி சரோஜா காலமான பின் மெல்பர்ன் நகரின் மேற்குப் புறநகரிலுள்ள மகள் வீட்டுக்கு வந்து நிலையாகத் தங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தேன்மொழி ஒரு மருத்துவமனையில் செவிலியர்களின் பொறுப்பாளர். மருமகன் தொலைவிலுள்ள சுரங்கமொன்றில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. பேத்தி இனியாவுக்கு மூன்று வயது. அவளைப் பகலில் பார்த்துக்கொள்பவர் அல்மாஸ் என்ற எத்தியோப்பியப் பெண்மணி. தம் வீட்டிலேயே நான்கு குழந்தைகளை அரசின் உரிமம் பெற்றுப் பராமரிக்கிறார். இந்த ஊரில் அதற்குத் தேர்வு உண்டு, ஆய்வு உண்டு, மேற்பார்வை அலுவலகம் உண்டு.

2

காலையில் இனியாவைக் கொண்டுபோய் விடுவதும் மாலையில் அழைத்து வருவதும் என் பொறுப்பாக இருந்தன. ஒன்றரை ஆண்டுகளில் ஒரு நாளும் நான் தாமதமாகப் போனதில்லை.

அல்மாஸ் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எத்தனை மணிக்குத் தூங்கியது, என்ன சாப்பிட்டது, எதற்குச் சிரித்தது என்று மாலையில் எழுதிக் கொடுப்பார். பெற்றோர் படிப்பதற்காக எழுதுவது. கடைசியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். ‘நீங்கள் ஏதேனும் சொல்ல விரும்பினால்’ என்று அதன் மேல் அச்சிட்டிருப்பார்கள். மற்ற பெற்றோர் அதில் ஒரு பூவோ நன்றியோ வரைவார்கள். நான் குறிப்புரை எழுதினேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தர ஆய்வாளராக இருந்தவன் நான். இளங்கலை வேதியியல் படித்தவன். சூளையிலிருந்து இறக்கிய ஒவ்வொரு கோப்பையையும் இடது கையில் ஏந்தி, வலது கை நடுவிரல் நகத்தால் தட்டுவேன். ‘கிண்’ என்று கேட்டால் நல்லது. ஓசை மங்கலாக வந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது. அதை இரண்டாம் தரத்தில் தள்ளிப் பதிவேட்டில் காரணம் எழுதிக் கையொப்பமிடுவேன். என் கையொப்பம் உள்ள பெட்டி ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்தக் கையால்தான் அல்மாஸின் நோட்டிலும் எழுதினேன். ‘சோற்றின் அளவு போதாது. கவனிக்கவும்.’ ‘மதியத் தூக்கம் நேற்றைவிடப் பதினைந்து நிமிடம் குறைவு. காரணம் தெரிவிக்கவும்.’ ‘பார்வையிட்டேன்.’ கீழே தேதியும் சுருக்கொப்பமும்.

நாளடைவில் அவர் எழுதும் வரிகள் குறைந்தன. இனியா எதற்குச் சிரித்தாள் என்ற வரி முதலில் மறைந்தது. பதிவேடு சீர்ப்பட்டு வருவதாக நான் நினைத்துக்கொண்டேன்.

பேத்தியின் பேச்சில் அல்மாஸின் மொழி கலந்தது. எதைச் சொன்னாலும் ‘இஷி’ என்பாள். சரி என்று பொருளாம். “சரின்னு சொல்லும்மா” என்றால், “இஷி தாத்தா” என்பாள். அதையும் ஒருநாள் அந்தக் கட்டத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் போன பிறகு அல்மாஸ் காப்பிக்கொட்டை வறுப்பார். வாசல் வரை மணம் வரும். கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் மூன்று சுற்று ஊற்றுவது அவர்கள் வழக்கம். அழைக்கப்பட்டவர் மூன்றும் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருமுறை என்னை அழைத்தார். வெளியில் காப்பி அருந்தும் பழக்கம் இல்லை என்றேன். தட்டில் இருந்த கிண்ணம் கண்ணில் பட்டது. எடுத்து நகத்தால் தட்டினேன். கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்த்தேன். “மேல்பூச்சில் ஊசித்துளைகள் இருக்கின்றன. இரண்டாம் தரம்” என்று ஆங்கிலத்தில் தெரிவித்துவிட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவை அவருடைய தாயார் கொடுத்த கிண்ணங்கள் என்பது பின்னால் தேன்மொழி சொல்லித் தெரிந்தது.

3

இங்கே ஊரைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது.

தேன்மொழிக்கு மூன்று வயதாக இருந்தபோது சரோஜா ஒரு பள்ளியில் ஆசிரியை. நெடுநாள் காத்திருந்து கிடைத்த வேலை. ஜங்ஷன் சாலையில் எங்கள் வீடு. கம்மாபுரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பாக்கியம் என்ற பெண்மணி காலை எட்டு மணிப் பேருந்தில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார். தேன்மொழி அவரைப் ‘பாக்கிமா’ என்பாள். பாக்கியம் வரும் வரை வாயைத் திறக்க மாட்டாள். அவர் வந்து ஊட்டினால்தான் இட்லி இறங்கும்.

பாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது. நான் கடையில் வாங்கிவரும் தட்டு, தம்ளர் எதுவானாலும் தட்டிப் பார்ப்பதைக் கண்டு, “டீச்சர், சாரு ஆஸ்பத்திரியில புள்ளையக் கூடத் தட்டிப் பாத்துதான் வாங்கியிருப்பாரு” என்பார். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். “எம்மேலயும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க சார், கிண்ணுன்னுதான் கேக்கும்” என்று என்னிடமே சொன்னதுண்டு.

தொழிற்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஓர் இரண்டாம் தரக் கோப்பை அவருக்கென்று இருந்தது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, தாமே கழுவி, துவைக்கும் கல்லின் மேல் கவிழ்த்து வைப்பார். எங்கள் வீட்டில் இதற்கு யாரும் விதி எழுதவில்லை. அப்படி நடந்துவந்தது. அவ்வளவுதான் அப்போது அதைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஒருநாள் தேன்மொழி வாசற்படியில் தடுக்கி விழுந்து புருவத்தில் அடிபட்டது. இரண்டு தையல். நான் வேலையிலிருந்து வந்ததும் பாக்கியத்தை நிறுத்திக் கேட்டேன்.

“கொடியில துணி போட்டுட்டு இருந்தேன் சார். திரும்பறதுக்குள்ள வுழுந்துடுச்சி. நாந்தான் தூக்கிக்கினு ஓடனேன்.”

தொழிற்கூடத்தில் ஒரு தவறு நிகழ்ந்தால் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கக் கடிதம் வாங்க வேண்டும். அதுதான் முறை. ஒரு தாளை எடுத்து வைத்தேன்.

“எனக்கு எழுதத் தெரியாதே சார்.”

“நான் எழுதிக்கிறேன். நீ ரேகை வெச்சாப் போதும்.”

எழுதினேன். ‘எனது கவனக்குறைவால்’ என்று தொடங்கியது அந்தக் கடிதம். மைப்பெட்டியை நீட்டினேன். பாக்கியம் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளையே பார்த்தார்.

“இதுல என்னா எழுதியிருக்கு சார்?”

“நடந்ததுதான்.”

“நடந்தது புள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ஆனாலும் வைத்தார். சரோஜா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் எட்டு மணிப் பேருந்தில் பாக்கியம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் சரோஜா தானே பேருந்து ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனாள். பாக்கியம் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தாராம். “எங்கப்பா ஒரு தடவ ரேகை வெச்சாரு டீச்சர், நெலம் போச்சி. நான் வெச்சேன், புள்ள போச்சி. போயிட்டு வாங்க” என்றாராம்.

தேன்மொழி ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் பேருந்து ஒலிப்பான் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்தோம். யார் கையிலும் அவள் சாப்பிடவில்லை. சரோஜா முதலில் விடுப்பு எடுத்தாள், பிறகு வேலையை விட்டாள். ஊரில் கேட்டவர்களிடம் ‘குடும்ப நலன் கருதி’ என்று நான் சொன்னேன். சரோஜாவும் மறுக்கவில்லை. அதனால் அது உண்மையாகிவிட்டது.

4

பத்து நாட்களுக்கு முன், ஒரு புதன்கிழமை பிற்பகல், அல்மாஸ் தொலைபேசியில் அழைத்தார். மணல்தொட்டியின் மர விளிம்பில் இனியா விழுந்து புருவத்துக்கு மேல் கீறிவிட்டது. மருத்துவமனையில் தேன்மொழியைப் பிடிக்க முடியவில்லை.

நான் போனபோது காயம் துடைத்துக் கட்டப்பட்டிருந்தது. தையல் தேவைப்படாத காயம். இனியா அல்மாஸின் தோளில் சாய்ந்து ஒரு பழத்துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் இறங்கவில்லை.

இங்கே இப்படி நேர்ந்தால் பராமரிப்பவர் தாமே ஒரு படிவத்தை நிரப்பி, வந்தவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அல்மாஸ் நிரப்பி வைத்திருந்தார். ‘இன்னொரு குழந்தைக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் விழுவதைப் பார்த்தேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை.’ ஒளிவுமறைவு இல்லாத மூன்று வாக்கியங்கள். படிவத்தின் அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

அதில் எழுதினேன். ‘விளக்கம் திருப்திகரமாக இல்லை. கவனக்குறைவு தெரிகிறது. மேலும் விளக்கம் கோரப்படுகிறது.’ தேதி, சுருக்கொப்பம்.

கோபத்தில் எழுதவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தொழிற்கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை எழுதிய வாசகம் அது. எழுதினால்தான் பதிவேடு முழுமை பெறும். அது கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும், யாரும் மறுபடி எடுத்துப் படிக்க மாட்டார்கள். இந்த நாட்டில் படிக்கிறார்கள். எழுத்தில் வந்த வாசகம் எதுவானாலும் அது முறையான புகார். அல்மாஸ் அந்தத் தாளை அலுவலகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். அனுப்பினார். விசாரணை முடியும்வரை புதிய குழந்தை எதையும் அவர் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த வாரம் சேரவிருந்த ஒரு கைக்குழந்தையை அதன் பெற்றோர் வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வெள்ளியன்று அவர் தேன்மொழியை அழைத்து அமைதியாகச் சொன்னாராம்: “இனியாவை இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறேன். அதற்குள் வேறிடம் பாருங்கள். என்னை நம்பாத வீட்டுக் குழந்தையை நான் பயத்தோடுதான் தூக்க வேண்டியிருக்கும். பயத்தோடு குழந்தையைத் தூக்கக் கூடாது.”

வேறிடம் எங்கும் அடுத்த ஆண்டுவரை காலியில்லை. நான் ஒருவன் நாள் முழுதும் மூன்று வயதுக் குழந்தையைச் சமாளிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், என் முழங்கால்களுக்கும் தெரியும். தேன்மொழி பொறுப்பாளர் பதவியை விட்டுவிட்டுப் பகுதி நேரத்துக்குப் போக வேண்டும். அல்லது வேலையையே விட வேண்டும்.

5

சனிக்கிழமை காலை அடுக்களையில் அவள் என் எதிரே அந்தப் படிவத்தின் நகலை வைத்தாள்.

“என்னாப்பா எழுதி வெச்சிருக்கீங்க?”

“நடந்ததத்தான் எழுதனேன்.”

“நடந்தது அவங்களுக்குத் தெரியும். இனியாவுக்குத் தெரியும். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியம் சொன்ன வாக்கியம். அப்போது தேன்மொழிக்கு மூன்று வயது.

“அம்மா சொன்னாங்க” என்றாள். “ஒரு தடவ இல்ல. அம்மாவுக்கு மனசு சரியில்லாதப்பெல்லாம் சொல்லுவாங்க. நீங்க வூட்ல இல்லாதப்ப.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“சொன்னா எழுத்துல குடுன்னு கேப்பீங்கன்னு பயம்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நீடிக்கவில்லை. “அம்மா வேலைய வுட்டது குடும்ப நலன் கருதின்னு ஊர்ல சொன்னீங்க. நான் வுட்டா என்னான்னு சொல்லப் போறீங்கப்பா?”

அவள் என் தம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவளுடைய இடப்புருவத்தில் இரண்டு தையல் போட்ட இடத்தில் இன்றும் முடி வளர்வதில்லை.

6

திங்களன்று மேற்பார்வை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மிகுந்த மரியாதையுடன் பேசினாள். நான் எழுதியதை அழிக்க முடியாது, திரும்பப் பெறவும் முடியாது, வேண்டுமானால் கூடுதல் அறிக்கை ஒன்றை எழுதி இணைக்கலாம் என்றாள். விசாரணை முடியும்வரை புகார் கொடுத்தவர் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, குழந்தையை அழைத்துச் செல்லவும் கூடாது. அப்போதுதான் என் பெயர் அடிக்கப்பட்டது.

செவ்வாய் முழுவதும் அந்த அறிக்கையை எழுதினேன். வாழ்நாளில் நூற்றுக்கணக்கான விளக்கக் கடிதங்களைப் பெற்றிருக்கிறேன். ஒன்றும் எழுதிக் கொடுத்ததில்லை. முதல் வாக்கியத்துக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. ‘எனது கவனக்குறைவால்’ என்று தொடங்கினேன்.

புதன்கிழமை மாலை அல்மாஸின் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று அதைக் கொடுத்தேன். அவர் உள்ளே நின்றபடி முழுவதும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“உங்கள் பெயர் இதில் இரண்டு இடத்தில் இருக்கிறது” என்றார். “என் பெயர் எங்கே?”

வாங்கிப் பார்த்தேன். ‘மேற்படி பராமரிப்பாளர்’ என்றே எழுதியிருந்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை.

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கம்பிகளுக்கிடையே நீட்டினார். கேட்டின் மேல்விளிம்பில் தாளை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு அல்மாஸ் என்று எழுதினேன். ஐந்து இடங்கள். ஒன்றரை ஆண்டில் அந்தப் பெயரை நான் எழுதியது அதுவே முதல் முறை. கோடுகள் நேராக வரவில்லை.

“ஆண்டு இறுதிவரை இனியா இருக்கட்டும்” என்றார். “பிறகு பார்ப்போம்.”

நன்றி சொன்னேன். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

7

ஊரில் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இளம் தம்பதியர் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். நேரத்துக்குப் போங்கள், வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர் வீட்டுச் சௌக்கியத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள். இவையெல்லாம் நல்லவை. நான் முதலிரண்டையும் தவறாமல் செய்தவன். மூன்றாவதைச் செய்யாததால் முதலிரண்டும் பயன்படவில்லை. இதைத் தெரிந்துகொள்ள இரண்டு தலைமுறை ஆயிற்று. களைப்பாக இருக்கிறது.

இப்போது மாலையில் தேன்மொழி வேலையிலிருந்து நேராக அல்மாஸின் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நான் வீட்டிலிருந்து நடந்து போய்க் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். அழைத்துவர எனக்கு அனுமதியில்லை. பையைத் தூக்கிவரத் தடையில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. காப்பிக்கொட்டை வறுபடும் மணம் வந்தது. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். சன்னல் வழியே தேன்மொழி தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இனியா அவள் மடியில் சோளப்பொரியை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு அல்மாஸ் வந்தார். கையில் ஒரு கிண்ணம். அதே கிண்ணம்தான், அடிப்பகுதியின் ஊசித்துளைகளை எனக்குத் தெரியும். கேட்டுக்கு மேலாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நடுவிரல் தானாக மடங்கியது. நிமிர்த்தினேன்.

நின்றபடியே குடித்தேன். கசப்பும் சூடுமாக நல்ல காப்பி.

முடித்ததும் கழுவிக் கவிழ்த்து வைக்க ஓர் இடம் தேடினேன். குழாய் இருக்கிறதா என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தேன். நடைபாதைதான் இருந்தது. கிண்ணத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பாக்கியத்தின் கையிலிருந்து கோப்பையை எங்கள் வீட்டில் ஒருவரும் வாங்கியதில்லை.

அல்மாஸ் கையை நீட்டி, கழுவாத கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“போய்விடாதீர்கள். இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நின்றேன்.